இரண்டு பண்பிலும் பி மதிப்பு தேறினால் அது "பொதுவான மரபு விளைவு" ஆகிவிடுமா?

இழைமுடிச்சு (கேள்வி)

வணக்கம். கையில் இரண்டு அளவுப் பண்புகளின் ஜீவாஸ் (மரபணுத் தொகுதி முழுக்க எந்த இடம் பண்போடு தொடர்புடையது என்று தேடும் ஆய்வு) சம்மரி கோப்புகள், அதாவது இடம் இடமாக விளைவு, திட்டப் பிழை, பி மதிப்பு (வெறும் தற்செயலில் இவ்வளவு பெரிய விளைவு தெரியும் வாய்ப்பு) கொண்ட அட்டவணைகள், இருக்கின்றன. முதல் பண்புக்கு 50,000 பேர், இரண்டாவதற்கு 40,000 பேர். இரண்டிலும் இடம்பெற்ற பொது ஆட்கள் 20,000. அவர்களிடம் இரு பண்புகளுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.4. இரண்டாம் பண்பின் சராசரி கை வர்க்கம் (விளைவு ÷ திட்டப் பிழை = இசட்; அதன் வர்க்கம், விளைவே இல்லாவிட்டால் சராசரி 1) 1.3.

முதல் பண்பில் பி மதிப்பு 5×10⁻⁸க்குக் கீழே போன 62 லோகஸ்களை (மரபணுத் தொகுதியின் இடங்கள்) எடுத்து, ஒவ்வொன்றின் முன்னணி ஸ்னிப்பையும் (ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ எழுத்துகளில் பி மதிப்பு மிகக் குறைந்தது) இரண்டாம் பண்பில் பார்த்ததில், 19 இடங்களில் பி மதிப்பு 0.05க்குக் கீழே இருந்தது. அந்த 19ஐயும் "இரு பண்புக்கும் பொது" என்று எழுதியாயிற்று. மதிப்பாய்வில் "இது பொதுத்தன்மைக்கான சோதனையே அல்ல" என்று ஒற்றை வரியில் திரும்பி வந்திருக்கிறது. ஏன் அல்ல, பதிலுக்கு என்ன செய்வது?

இன்னும் இரண்டு சந்தேகம். எம்டேக் (தொடர்புள்ள பண்புகளைச் சேர்த்து ஒவ்வொன்றின் விளைவையும் மதிப்பிடும் முறை) ஓட்டினால் இரண்டாம் பண்பில் புதிதாக 14 லோகஸ்கள் எழும்புகின்றன. அவற்றையாவது பொதுவானவை என்று சொல்லலாமா? அடுத்து, பக்கத்துக் குழுவிடம் ஒரு பயிர்த் தரவு இருக்கிறது: 300 லைன்கள் (மரபில் நிலைப்பட்ட பயிர் வகைகள்), 8 சூழல்கள், ஒரே பண்பு. "மார்க்கரின் (மரபணுவகை அளந்த இடம்) விளைவு பாசனத்தில் தெரிகிறது, வறட்சியில் தெரியவில்லை" என்பதை வைத்து மரபணு-சூழல் இடைவினை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அதற்கும் இதே ஆட்சேபம் பொருந்துமா?

புள்ளிக்கணக்கு

பொருந்தும், ஆனால் தலைகீழாக. அதைப் பயிர்க்காரர் யாராவது சொல்லட்டும். நான் முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

ஒரு ஸ்னிப்புக்கு நான்கு நிலைகள் உண்டு. இரண்டு பண்பிலும் விளைவு இல்லை (00), முதலாவதில் மட்டும் உண்டு (10), இரண்டாவதில் மட்டும் உண்டு (01), இரண்டிலும் உண்டு (11). "பொது" என்றால் 11. அதற்கு எதிரான இன்மைக் கருதுகோள் (சோதனை தள்ள வேண்டிய, பொது அல்ல என்ற அனுமானம்) 00 மட்டும் அல்ல. 00, 10, 01 மூன்றும் சேர்ந்தது. இந்தக் கூட்டு இன்மையைத் தள்ளாத வரை பொதுத்தன்மை பற்றி ஒன்றும் சொல்லிவிடவில்லை. பெரும்பாலான பல்பண்புச் சோதனைகள் 00ஐ மட்டும் தள்ளுகின்றன. குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் 62 லோகஸ்களும் 10 அல்லது 11. அதாவது ஒவ்வொன்றிலும் எஞ்சியிருப்பது இரண்டாம் பண்பைப் பற்றிய ஒரே ஒரு சோதனை. அதை 62 தடவை 0.05இல் செய்திருக்கிறீர்கள். மிகக் குறைந்த செலவிலான திருத்தம்: 0.05ஐ 62ஆல் வகுத்து, ஏறத்தாழ 8×10⁻⁴ஐ வரம்பாக வையுங்கள். பிறகு திசையை மாற்றி, இரண்டாம் பண்பின் லோகஸ்களை முதல் பண்பில் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் தேடினால் திறன் கூடிய ஆய்வின் இடங்கள் மட்டுமே பட்டியலில் நிற்கும்.

ஆனால் அந்த 0.05ஏ உண்மையில் 0.05 இல்லை. இரண்டாம் பண்பின் சராசரி கை வர்க்கம் 1.3 என்றால், மரபணுத் தொகுதி முழுக்க இசட் மதிப்புகளின் பரவல் ஒன்றைவிட அகலம். மாறுபாடு 1.3 உள்ள இயல்நிலைப் பரவலில் 1.96ஐத் தாண்டும் வாய்ப்பு 8.6 சதவீதம். அப்படியானால் 62இல் ஐந்து சும்மாவே வரும். அது பொய்க் குறி என்று சொல்லவில்லை. பல ஆயிரம் சிறு விளைவுகள் எல்டி (அருகருகே உள்ள ஸ்னிப்கள் சேர்ந்தே கடத்தப்படுவதால் வரும் ஒட்டுறவு) வழியாக எங்கும் சிதறிக் கிடப்பதால், எந்த ஸ்னிப்பைத் தொட்டாலும் அவ்வளவு கிடைக்கும். எனவே அடிமட்டத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அல்லீல் (ஸ்னிப்பின் ஒரு வடிவம்) அதிர்வெண், எல்டி ஸ்கோர் (அருகிலுள்ள ஸ்னிப்களோடு உள்ள மொத்த எல்டி), மரபணு அடர்த்தி மூன்றிலும் ஒத்த தற்செயல் ஸ்னிப் தொகுப்புகள் ஆயிரம் எடுத்து, அவற்றில் எத்தனை 0.05க்குக் கீழ் போகின்றன என்று எண்ணுங்கள். 19 அதைவிடத் தெளிவாக அதிகம் என்றால் "தொகுப்பாகப் பார்த்தால் பகிர்வு இருக்கிறது" என்று சொல்லலாம். எந்த 19 என்று அப்போதும் சொல்ல முடியாது.

பொது ஆட்களின் கணக்கு. விளைவே இல்லாத ஸ்னிப்பிலும் இரு இசட்டும் சேர்ந்தே ஆடும். அந்த இரைச்சல் ஒட்டுறவு = பொது ஆட்கள் × பண்பு ஒட்டுறவு ÷ √(முதல் எண்ணிக்கை × இரண்டாம் எண்ணிக்கை). உங்களுக்கு 20,000 × 0.4 ÷ √(50,000 × 40,000) = 8,000 ÷ 44,721 = 0.18. எல்டி ஸ்கோர் ரிக்ரஷனில் (இரு இசட்டின் பெருக்கலை எல்டி ஸ்கோருக்கு எதிராக வைத்துக் கோடு பொருத்தும் முறை) இரு பண்பையும் சேர்த்து ஓட்டும்போது வரும் வெட்டுத்துண்டு (எல்டி ஸ்கோர் சுழியில் கோட்டின் மதிப்பு) இதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 0.05 என்றோ 0.35 என்றோ வந்தால் யாரோ உங்களுக்குத் தந்த பொது எண்ணிக்கை தவறு, அல்லது ஆட்களுக்கிடையே மறைந்த உறவு இருக்கிறது.

0.18 எவ்வளவு கெடுக்கும்? 00 நிலையில் இருக்கும் ஒரு ஸ்னிப் தற்செயலாக முதல் பண்பில் இசட் 3 காட்டினால், இரண்டாம் பண்பில் அதன் எதிர்பார்ப்பு 0.54க்கு நகர்ந்துவிடும், 0.05 வரம்பைத் தாண்டும் வாய்ப்பு 8 சதவீதமாகும். 5×10⁻⁸ தாண்டிய இடங்களில் சேதம் குறைவு, ஏனென்றால் அங்கே இசட்டின் பெரும்பகுதி உண்மை விளைவு. இரைச்சல் மட்டுமே கசியும். வரம்பைத் தளர்த்தி 10⁻⁴ அளவில் தேடத் தொடங்கினால்தான் இது கடிக்கும். எல்லோரும் பொது ஆட்கள், பண்பு ஒட்டுறவு 0.7 என்றால் நிலைமை வேறு: வெறும் இரைச்சலில் வந்த இசட் 4, மறுபக்கம் 2.8ஐ இழுத்துக்கொண்டு வரும்.

இப்போது தேடலை முழு மரபணுத் தொகுதிக்கும் விரிக்க ஆசை வந்தால்: இரு பி மதிப்பில் பெரியதை எடுத்து வரம்போடு ஒப்பிடுவது நேர்மையான வழி, ஆனால் கஞ்சத்தனமானது. 00 நிலையில் இரண்டும் 0.05க்குக் கீழ் போகும் வாய்ப்பு 0.0025, வரம்பு 5×10⁻⁸ என்றால் 2.5×10⁻¹⁵. பெரும்பான்மை ஸ்னிப்கள் 00இல் இருக்கும்போது திறனை வீணடிக்கிறோம். ப்ளாகோ என்ற முறை (2020) இந்த இடைவெளிக்காக வந்தது: இரு இசட்டின் பெருக்கலைப் புள்ளியளவையாக எடுத்து, கூட்டு இன்மையின் கீழ் அதன் பரவலைத் தோராயமாகக் கணக்கிடும்.

அதை ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை மூன்று. இரைச்சல் ஒட்டுறவை இரு பண்பிலும் பி மதிப்பு 10⁻⁴க்கு மேல் உள்ள ஸ்னிப்களிலிருந்து மட்டும் கணக்கிடுங்கள். எல்லாவற்றையும் போட்டால் உண்மைப் பகிர்வும் இரைச்சலோடு சேர்ந்துவிடும். இசட் வர்க்கம் 80ஐத் தாண்டியவற்றை விலக்குங்கள். மூன்றாவதுதான் பலர் பார்க்காதது: ஒட்டுறவை நீக்கும் படியே ஒரு பண்பின் விளைவை இன்னொன்றில் கலக்கிறது. 0.18க்கான 2×2 ஒட்டுறவு அணியின் நேர்மாறு வர்க்கமூலத்தைப் போட்டுப் பாருங்கள், மூலைவிட்டத்துக்கு வெளியே −0.09 வரும். முதல் பண்பில் மட்டும் இசட் 10 உள்ள ஸ்னிப், இரண்டாம் பண்பில் 0.9 தள்ளப்பட்டுவிடும். 0.18க்கே இவ்வளவு, 0.5 என்றால் 10 நிலை 11 போல வேஷம் போடும். அப்போது ஒட்டுறவைப் பரவலுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும், ப்ளாகோவின் பிந்தைய வடிவத்துக்குப் போங்கள்.

பெருக்கலுக்கு இன்னொரு குணம்: 12 × 2 = 24, 5 × 5 = 25. சோதனை இவ்விரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே பார்க்கும். நீங்கள் பார்க்கக் கூடாது. பட்டியல் வந்ததும் ஒவ்வொரு வரியிலும் இரு இசட்டையும் தனித்தனியாக அச்சிடுங்கள்.

மறுகலப்பு

தனிநபர் தரவு கிடைத்தால் இவ்வளவு சூத்திரம் தேவையில்லை. இரு பண்புகளையும் ஒருவருக்கு ஒரு வரியாகச் சேர்த்து வைத்து, வரிகளை மரபணுவகைக்கு எதிராகக் கலைத்துப் போட்டால் பண்பு ஒட்டுறவு கெடாமல் நிற்கும், பொது ஆட்கள் பிரச்சினை தானாகத் தீரும். பத்தாயிரம் தடவை கலைத்து, அதிலிருந்து வரம்பை எடுத்துக்கொள்ளலாம்.

புள்ளிக்கணக்கு

அது 00க்கு மட்டும் சரி. வரிகளைக் கலைத்தவுடன் இரு பண்பின் விளைவும் ஒரேயடியாக அழிந்துவிடுகிறது. நமக்கு வேண்டிய இன்மையில் 10, 01 உண்டு. கலைத்த தரவில் அந்த நிலையில் ஒரு ஸ்னிப்கூட இருக்காது. கலைப்பில் கிடைத்த வரம்பை வைத்து 10இல் உள்ள வலுவான ஸ்னிப்பைச் சோதித்தால், இரண்டாம் பண்பில் சாதாரண இசட் 1.5 இருந்தாலே பெருக்கல் தாண்டிவிடும். இரைச்சல் ஒட்டுறவைச் சரிபார்க்கக் கலைப்பு நல்ல கருவிதான். வரம்பு எடுக்க அல்ல.

எதிர் அல்லீல்

சோதனைக்கு முன்பு கோப்பைப் பாருங்கள். பகிர்வு ஆய்வில் வரும் விபரீதங்களில் பாதி இங்கே பிறப்பவை, ஏனென்றால் ஒற்றைப் பண்பு ஆய்வில் விளைவின் குறி (கூட்டலா கழித்தலா) தவறினாலும் பி மதிப்பு மாறாது. இரு பண்பைப் பெருக்கும்போது குறிதான் எல்லாம்.

விளைவு அல்லீல் (விளைவு எந்த அல்லீலுக்குக் கணக்கிடப்பட்டதோ அது) எது என்பதைக் கோப்பின் தலைப்பை நம்பி முடிவு செய்யாதீர்கள். "அல்லீல் 1" சில மென்பொருளில் விளைவு அல்லீல், சிலவற்றில் ஆதார அல்லீல். கோப்பு முழுக்க மாறியிருந்தால் மரபு ஒட்டுறவின் (தொகுதி முழுக்க இரு பண்பின் விளைவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு) குறி திரும்பும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். பல ஆய்வுகளைச் சேர்த்த கோப்பில் ஒரு பகுதி மட்டும் திரும்பியிருந்தால் ஒட்டுறவு சத்தமில்லாமல் சுழியை நோக்கிச் சரியும். "பகிர்வு இல்லை" என்று தவறாக முடிப்பீர்கள். அதே பண்பின் வேறொரு வெளியான ஆய்வோடு மரபு ஒட்டுறவு போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏ–டி, சி–ஜி ஜோடிகளில் டிஎன்ஏவின் இரு இழைகளில் எது என்று அல்லீல் எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதிர்வெண்ணை வைத்துச் சொல்லலாம், ஆனால் சிறு அல்லீல் (குறைவாக வரும் வடிவம்) அதிர்வெண் 0.42க்கு மேல் போனால் அதுவும் நம்பத்தக்கதல்ல, எறிந்துவிடுங்கள். இரு கோப்பின் அதிர்வெண்களையும் ஒன்றுக்கொன்று வரைந்தால் புள்ளிகள் ஒரே மூலைவிட்டத்தில் நிற்க வேண்டும். எதிர் மூலைவிட்டத்தில் ஒரு கோடு தெரிந்தால் திரும்பிய அல்லீல்கள். ஒரு கோப்பு மனித மரபணுத் தொகுதியின் 37ஆம் கட்டமைப்பிலும் (இட எண்களின் பதிப்பு) மற்றது 38இலும் இருந்தால் இடத்தை வைத்து இணைக்கும்போது ஸ்னிப் எண்ணிக்கை திடீரென்று சரியும், அதுதான் அடையாளம்.

ஆம்–இல்லை பண்பாக இருந்தால் ஆட்ஸ் விகிதத்தின் இயல் மடக்கையைத் திட்டப் பிழையால் வகுத்து இசட் எடுங்கள். திட்டப் பிழையும் மடக்கை அளவில்தானா என்று பி மதிப்போடு ஒத்துப் பாருங்கள். நோயாளி–ஒப்பீட்டு ஆய்வுகள் இரண்டு ஒரே ஒப்பீட்டாளர்களைப் பகிர்ந்தால், இரண்டு நோய்க்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் இரைச்சல் ஒட்டுறவு நேர்மறையாக வரும்.

எல்டி ஸ்கோருக்கு ஹேப்மேப் 3 என்ற ஆதாரத் தொகுப்பின் சுமார் 12 லட்சம் ஸ்னிப் போதும், 6ஆம் குரோமோசோமின் எம்எச்சி பகுதியை (நோயெதிர்ப்பு மரபணுக்கள் உள்ள, எல்டி மிக நீளமான இடம்) விலக்குங்கள். மரபுவழி அளவின் (பண்பின் மாறுபாட்டில் மரபால் வரும் பங்கு) இசட் 4க்குக் கீழ் இருந்தால் மரபு ஒட்டுறவைப் படிக்கவே வேண்டாம், திட்டப் பிழை உங்களை விழுங்கிவிடும். அப்புறம், மரபு ஒட்டுறவு சுழி என்றால் பொது லோகஸ் இல்லை என்று அர்த்தமில்லை. பாதி இடங்களில் ஒரே திசை, பாதியில் எதிர்த்திசை என்றால் கூட்டல் சுழிதான். பிடிபிஎன்22 மரபணுவின் புகழ்பெற்ற புரத மாற்றம் முதல் வகை நீரிழிவுக்கும் முடக்குவாதத்துக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது, க்ரோன் நோய்க்குக் குறைக்கிறது. இப்படிப்பட்ட இடங்கள் பல இருந்தால் மொத்தக் கணக்கில் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குத்தான் லாவா (2022) போன்ற பகுதிவாரி முறைகள்: மரபணுத் தொகுதியை 2,495 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முதலில் இரு பண்புக்கும் மரபுக் குறி (இங்கே சமிக்ஞை என்ற பொருளில்) இருக்கிறதா என்று வடிகட்டி (0.05 ÷ 2,495, அதாவது 2×10⁻⁵), தேறிய துண்டுகளில் மட்டும் ஒட்டுறவு கணக்கிடுவது. வடிகட்டாமல் ஓட்டினால் ஒட்டுறவு 1ஐத் தாண்டிய விசித்திர எண்கள் வரும். பகுதியில் குறியே இல்லாதபோது வகுத்தி சுழிக்கு அருகில் போவதுதான் காரணம்.

ஒரு பண்பு இன்னொன்றுக்குச் சரிக்கட்டப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். இடுப்பு–பிட்ட விகிதத்தை உடல் நிறை எண்ணுக்குச் சரிக்கட்டிய ஆய்வை, உடல் நிறை எண்ணோடு பகிர்வு தேட எடுக்கக் கூடாது. சரிக்கட்டும் பண்பும் மரபுவழிப்பட்டதென்றால், அதன் ஸ்னிப்கள் எதிர்க்குறியோடு மற்றதில் முளைக்கும்.

இழைமுடிச்சு

மிக்க நன்றி. வெட்டுத்துண்டு 0.17 வந்தது, நிம்மதி. 8×10⁻⁴ வரம்பில் 19இல் 7 நிற்கின்றன. எம்டேக் பற்றி யாராவது? அந்த 7ஐயும் அப்படியே "பொது" என்று எழுதலாமா, அல்லது இன்னும் படி இருக்கிறதா?

இடஞ்சுட்டி

எம்டேக் கேட்கும் கேள்வி வேறு. "இரண்டாம் பண்பின் விளைவை, முதல் பண்பிலிருந்து கடன் வாங்கி எவ்வளவு துல்லியமாக மதிப்பிடலாம்" என்பது அது. எல்லா ஸ்னிப்புக்கும் ஒரே உடன்மாறுபாட்டு அணி (இரு பண்பின் விளைவுகள் எவ்வளவு சேர்ந்து மாறும் என்ற அட்டவணை) என்ற அனுமானத்தில் நிற்கிறது. பகிர்வு அங்கே உள்ளே போடும் சரக்கு, வெளியே வரும் முடிவு அல்ல. 10 நிலையில் உள்ள ஸ்னிப் வந்தால் முதல் பண்பின் விளைவை இரண்டாவதற்கும் ஊற்றிவிடும். திறன் குறைந்த பண்புக்குத்தான் எம்டேக்கால் ஆதாயம் அதிகம். கசிவும் அங்கேதான் அதிகம். 14 லோகஸ்களுக்கும் மூல இசட் இரண்டையும் எம்டேக் இசட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாம் பண்பின் மூல இசட் 1, 1.5 என்று கிடந்தால் அந்த வெளிச்சம் இரவல். அதன் உச்சப் பொய்க்கண்டுபிடிப்பு விகிதக் கணக்கையும் ஓட்டிச் சேர்த்து அச்சிடுங்கள்.

எல்லாப் பண்பையும் சேர்த்துச் சோதிக்கும் முறைகள் அனைத்துக்கும் இதே எச்சரிக்கை. ஆசெட் முறை (2012) 10 பண்புக்கு 1,023 உட்கணங்களையும் தேடி மிக வலுவானதைச் சொல்லும். பி மதிப்பு அந்தத் தேடலுக்குச் சரிக்கட்டப்பட்டதுதான், ஆனால் அது "ஏதோ ஒன்றிலாவது விளைவு" என்பதற்கான பி மதிப்பு. தேர்ந்த உட்கணத்தில் இருக்கும் ஒவ்வொரு பண்பும் நிரூபணமானதாகப் பொருள் இல்லை. ஜீனோமிக் செம் என்ற முறையில், பண்புகளுக்குப் பின்னால் இருப்பதாகக் கொள்ளும் பொதுக் காரணி வழியாகச் சோதித்தால், பன்மைத்தன்மை அளவையான கியூ ஸ்னிப்பையும் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் அந்த ஸ்னிப் பொதுக் காரணி வழியாக வேலை செய்யவில்லை.

இனி அந்த 7. ஸ்னிப் பொது என்பதும் காரண மாற்றம் பொது என்பதும் ஒன்றல்ல. 9ஆம் குரோமோசோமின் 9பி21 பகுதியில் இதயத் தமனி நோய்க்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் குறிகள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஆனால் தனித்தனி எல்டி தொகுதிகளில். முன்னணி ஸ்னிப்பை மட்டும் பார்ப்பவர் இத்தகைய இடங்களில் எளிதில் ஏமாறுவார்.

ஆகவே ஒவ்வொரு லோகஸுக்கும் கோலாக் (2014; ஒரு பகுதியில் இரு பண்பின் குறியும் ஒரே மாற்றத்திலிருந்து வருகிறதா என்று கணிக்கும் முறை) ஓட்டுங்கள். முன்னணி ஸ்னிப்புகள் மட்டும் போதாது, பகுதியின் எல்லா ஸ்னிப்பும் வேண்டும். ஐந்து கருதுகோள்: குறி இல்லை (எச்0), முதலாவதில் மட்டும் (எச்1), இரண்டாவதில் மட்டும் (எச்2), இரண்டிலும் ஆனால் வெவ்வேறு மாற்றம் (எச்3), இரண்டிலும் ஒரே மாற்றம் (எச்4). எச்4இன் பின் நிகழ்தகவு (தரவைப் பார்த்த பிறகு வரும் வாய்ப்பு) 0.8ஐத் தாண்டினால் ஏற்பது வழக்கம். 0.8க்குக் கீழே போனதும் "வெவ்வேறு மாற்றம்" என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. எச்3 உயர்ந்தால்தான் வெவ்வேறு. எச்1 உயர்ந்தால் இரண்டாம் பண்பில் சொல்லுமளவு தரவு இல்லை என்று மட்டுமே பொருள்.

முன் நிகழ்தகவை (தரவைப் பார்க்கும் முன்பே தரும் வாய்ப்பு) அப்படியே விடாதீர்கள். மென்பொருள் தருவது ஸ்னிப்புக்கு முதல் பண்பில் 10⁻⁴, இரண்டாவதில் 10⁻⁴, இரண்டுக்கும் சேர்த்து 10⁻⁵. பகுதியில் 1,000 ஸ்னிப் இருந்தால் எச்4இன் முன் எடை 1,000 × 10⁻⁵ = 0.01; எச்3க்கு ஏறத்தாழ 10⁶ × 10⁻⁸ = 0.01. சமம். ஜன்னலை (எடுக்கும் பகுதியின் அகலம்) விரித்து 5,000 ஸ்னிப் ஆக்கினால் எச்4 0.05, எச்3 0.25. தரவு எதுவும் பேசுவதற்கு முன்பே ஐந்து மடங்கு எச்3 பக்கம் சாய்ந்துவிட்டது! ஜன்னல் அளவு ஒரு சாதாரணத் தேர்வு போலத் தெரியும், அல்ல. இணை முன் நிகழ்தகவை 10⁻⁶இலிருந்து 10⁻⁴ வரை நகர்த்தி எச்4 எங்கே 0.8ஐ இழக்கிறது என்று காட்டுங்கள்.

அடிப்படைக் கோலாக் ஒரு பண்புக்கு ஒரே காரண மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறது. பகுதியில் இரண்டாவது சுதந்திரக் குறி இருந்தால் சூசியோடு (ஒரே பகுதியின் பல காரண மாற்றங்களைப் பிரிக்கும் முறை) சேர்ந்த வடிவம் வேண்டும், அதற்கு எல்டி அணி வேண்டும். இங்கேதான் அதிகம் உடைகிறது. 503 ஐரோப்பியர் கொண்ட ஆயிரம் ஜீனோம் தொகுப்பிலிருந்து எல்டி எடுத்து 50,000 பேர் ஆய்வில் போட்டால், அணியின் இரைச்சலே "கூடுதல் குறிகள்" ஆகும். ஒரு லோகஸில் எட்டுப் பத்து நம்பகத் தொகுப்புகள் (காரண மாற்றம் அடங்கியிருக்கக்கூடிய ஸ்னிப் கூட்டங்கள்) வந்தாலோ, முன்னணி ஸ்னிப்போடு எல்டி 0.99 உள்ள ஸ்னிப்பின் இசட் பாதியாக இருந்தாலோ, அணி பொருந்தவில்லை. ஆய்வின் சொந்த ஆட்களிடமிருந்து எல்டி கிடைக்காவிட்டால், ஒற்றை மாற்ற வடிவத்தையே ஓட்டி அந்த எல்லையை எழுதுவது மேல்.

எச்4 0.95 வந்தாலும் ஒரு கேள்வி மிச்சம்: மரபணு இரு பண்பையும் நேரடியாகத் தொடுகிறதா, ஒன்றின் வழியாக மற்றதா? எஃப்டிஓ மரபணு உடல் நிறை வழியாக நீரிழிவைத் தொடுகிறது. 15ஆம் குரோமோசோமின் 15கியூ25இல் உள்ள நிகோட்டின் ஏற்பி மரபணுக்கள் பெரும்பாலும் புகைப்பின் அளவு வழியாக நுரையீரல் புற்றுநோயைத் தொடுகின்றன. கோலாக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 62 ஸ்னிப்பிலும் இரு பண்பின் விளைவுகளை வரைந்து பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே சாய்வுக் கோட்டில் நின்றால் ஒரு பண்பின் வழியாகத்தான் மற்றது. உங்களைப் போல 62இல் 7 மட்டும் என்றால், அந்த 7 இரு பண்பையும் நேரடியாகத் தொடுகின்றன என்ற வாதத்துக்கு வலுவுண்டு.

புள்ளிக்கணக்கு

கடைசி வரியில் சிறு ஆட்சேபம். "7 மட்டும்" என்பது வரம்பைத் தாண்டிய எண்ணிக்கை. மீதி 55இலும் அதே சாய்வில் சிறு விளைவு இருந்து, 40,000 பேரில் தெரியாமல் போயிருக்கலாம். எண்ணாதீர்கள், 62 புள்ளிக்கும் திட்டப் பிழை எடையோடு கோடு பொருத்தி, 7ஐ நீக்கியபின் சாய்வு சுழியா என்று பாருங்கள்.

இடஞ்சுட்டி

ஒப்புக்கொள்கிறேன்.

வரப்போரம்

பயிர்க் கேள்விக்கு வரேன். அங்கே செஞ்ச தப்பு இதோட கண்ணாடிப் பிம்பம். இரண்டிலும் தெரிஞ்சா பொதுன்னு சொன்னது ஒரு தப்புன்னா, ஒண்ணில் தெரிஞ்சு இன்னொண்ணில் தெரியலைன்னா வித்தியாசம்னு சொல்றது அடுத்த தப்பு. பாசனத்தில் விளைவு 0.30, திட்டப் பிழை 0.10, இசட் 3. வறட்சியில் 0.18, திட்டப் பிழை அதே 0.10, இசட் 1.8, "தெரியலை". வித்தியாசம் 0.12, அதோட திட்டப் பிழை 0.141, இசட் 0.85, பி மதிப்பு 0.40. இடைவினைக்கு ஆதாரமே இல்லை. ஒரே லைன்களை ரெண்டு சூழலிலும் வெச்சிருந்தா மதிப்பீடுகளுக்கு இடையே ஒட்டுறவு இருக்கும், அதைக் கழிக்கணும்: 0.5ன்னா வித்தியாசத்தோட திட்டப் பிழை 0.10 ஆகும், இசட் 1.2. அப்பவும் இல்லை.

ஒரே பண்பை ரெண்டு சூழலில் அளந்தா அதை ரெண்டு பண்பா பார்க்கலாம்னு மரபியலாளர் ஃபால்கனர் 1952லேயே சொல்லிட்டார். அதனால மேலே பேசினது எல்லாம் இங்கேயும் செல்லும், ஆனா 8 சூழல்னா 256 நிலைகள். ஜோடி ஜோடியா பார்த்தா 28 சோதனை, ஒண்ணோட ஒண்ணு முரண்படும். சேர்த்தே மாடல் பண்ணுங்க.

முதல்ல கலப்பு மாடல். 8 சூழலுக்குக் கட்டுப்பாடில்லாத உடன்மாறுபாட்டு அணின்னா 36 அளவுருக்கள். 300 லைனில் பெரும்பாலும் குவியாது (கணக்கு ஒரு விடையில் நிக்காது), குவிஞ்சாலும் ஒட்டுறவு 1ல போய் ஒட்டிக்கும். காரணிப் பகுப்பு வடிவத்தில் (எட்டுச் சூழலையும் ஓரிரு பொதுக் காரணியால் விளக்குறது) ஒரு காரணிக்கு 16, ரெண்டு காரணிக்கு 23. அதுல தொடங்குங்க. எச்ச மாறுபாட்டை ஒவ்வொரு சூழலுக்கும் தனியா விடணும். வறட்சித் திடலின் எச்சம் பாசனத் திடலோடதுக்குச் சமம்னு வெச்சா, இல்லாத இடைவினை முளைக்கும். ஒவ்வொரு மார்க்கருக்கும் முதன்மை விளைவு ஒரு சுதந்திரப் படி, இடைவினை 7 சுதந்திரப் படி. மார்க்கர்–சூழல் இடைவினையைச் சோதிக்கும்போது பின்புலத்தில் பலமரபணு–சூழல் பகுதியும் (மீதி மரபணுக்கள் எல்லாம் சேர்ந்து சூழலுக்கேத்த மாதிரி மாறுற பங்கு) இருக்கணும். வெறும் உறவு அணியை (எந்த லைன் எதுக்கு எவ்வளவு நெருக்கம்ங்கிற அட்டவணை) மட்டும் போட்டுட்டு இடைவினையைச் சோதிச்சா பி மதிப்பு எல்லாம் ஊதிடும். வழக்கமான ஜீவாஸ் மென்பொருளில் நடக்கிற தப்பு இதுதான்.

ரெண்டு கட்டமா செய்யறவங்க முதல் கட்டத்திலிருந்து லைன் சராசரியை நிலை விளைவா எடுத்து, அதோட எடையையும் கொண்டு போகணும். சுருக்கிய (சராசரியை நோக்கி இழுத்த) மதிப்பீட்டை எடுத்தா ரெண்டாம் கட்டத்தில் இன்னொரு தடவை சுருங்கும்.

அளவுகோலையும் பாருங்க. பாசனத்தில் விளைச்சலின் பரவல் ரெண்டு மடங்குன்னா விளைவும் ரெண்டு மடங்கு தெரியும். அது அளவு மாற்றம், லைன்களோட வரிசை மாறாது. மடக்கை எடுத்தாலோ சூழல்வாரியா திட்டப்படுத்தினாலோ காணாமல் போற இடைவினைக்கு இனப்பெருக்கத்தில் பயன் குறைவு. குறி மாறுற இடைவினைதான் தேர்வை மாத்தும்.

எந்த மார்க்கர் எத்தனை சூழலில் பொதுன்னு மதிப்பிட மேஷ்ங்கிற முறை (2019) நல்லது. எட்டுச் சூழலின் விளைவும் திட்டப் பிழையும் ஒரே அட்டவணையா வேணும். எல்டி குறைச்ச தற்செயல் மார்க்கர் தொகுப்பு ஒண்ணு, வலுவான மார்க்கர் தொகுப்பு ஒண்ணு. இரைச்சல் ஒட்டுறவைத் தற்செயல் தொகுப்பில் எல்லா இசட்டும் 2க்குள்ளே இருக்கிற மார்க்கர்களிலிருந்து எடுக்கணும். வலுவான தொகுப்பிலிருந்து முதன்மைக் கூறுகள் (மாறுபாட்டை அதிகம் சுமக்கிற திசைகள்) வழியா உடன்மாறுபாட்டு வடிவங்களைக் கத்துக்கணும். "எல்லாத்திலும் சமம்", "ஒரு சூழலில் மட்டும்" மாதிரி நிலையான வடிவங்களையும் சேர்க்கணும். இந்த வடிவங்களோட கலவை எடைகளைத் தற்செயல் தொகுப்பில் பொருத்தணும். வலுவானதில் பொருத்தினா "விளைவே இல்லை"ங்கிற கூறுக்கு எடை போகாது, எல்லா மார்க்கரும் எல்லாச் சூழலிலும் தேறிடும். பார்க்க அழகா இருக்கும், அவ்வளவுதான். அப்புறம்தான் வலுவானவற்றுக்குப் பின் நிகழ்தகவு. குறி தவறும் விகிதம் (விளைவு கூட்டலா கழித்தலான்னு தப்பா சொல்ற வாய்ப்பு) 0.05க்குக் கீழ்னா ஏத்துக்கலாம். பகிர்வுன்னு சொல்ல, ஒரே குறியும் ரெண்டு மடங்குக்குள்ளே அளவும் இருக்கணும்னு வைக்கிறது வழக்கம்.

அங்கே ஒரு பள்ளம்: முதன்மைக் கூறுகளிலிருந்து வர அணிகள் தரம் 1 (ஒரே ஒரு திசை) உள்ளவை. பெரும் எடை அதுல போய் உட்கார்ந்தா, எட்டுச் சூழலின் விளைவும் ஒரே திசையன்ல பூட்டப்படும். ஒரு சூழலில் உறுதின்னா எட்டிலும் உறுதின்னு வரும், குறி தவறும் விகிதம் எட்டுக்கும் ஒரே எண்ணா இருக்கும். அந்த எட்டு எண்ணும் ஒண்ணா இருக்கிற வரிசைகளைத் தேடுங்க. நிறைய இருந்தா அணியின் மூலைவிட்டத்தில் சிறு எண் சேர்த்து மறுபடி ஓட்டுங்க.

ஃபின்லே–வில்கின்சன் (1963) மாதிரி சூழல் சராசரிக்கு எதிரா சாய்வு எடுக்கிறதும் உண்டு. 8 புள்ளிதான், ஒரு மோசமான திடல் மொத்தச் சாய்வையும் இழுத்துடும். மழை, வெப்பம்னு வெளியிலிருந்து அளந்த மாறி இருந்தா அதை எடுங்க.

எதிர் அல்லீல்

மனிதத் தரவில் சூழல் இடைவினை பார்ப்போருக்கு ஒரு சேர்க்கை. வயது, பாலினம், மரபு வம்சாவளியைக் காட்டும் முதன்மைக் கூறுகளை வெறும் கட்டுப்பாட்டு மாறியாகப் போட்டால் போதாது. ஒவ்வொன்றையும் ஸ்னிப்போடும் சூழலோடும் பெருக்கிய உறுப்புகளும் மாடலில் வேண்டும். திட்டப் பிழையை வன்மையான வடிவத்தில் எடுங்கள், ஏனென்றால் புகைப்பவரிடமும் புகைக்காதவரிடமும் பண்பின் பரவல் ஒன்றாக இருக்காது. "சூழல்" என்று நாம் எழுதும் புகைப்பு, உணவு, உடற்பயிற்சி எல்லாமே ஓரளவு மரபுவழிப்பட்டவை என்பதால், முதலில் அந்தச் சூழல் மாறியையே பண்பாக வைத்து ஸ்னிப்பைச் சோதித்துவிடுங்கள்.

இழைமுடிச்சு

7 லோகஸில் கோலாக் ஓட்டியாயிற்று, ஜன்னல் முன்னணி ஸ்னிப்பின் இருபுறமும் 2 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். நான்கில் எச்4 0.8க்கு மேல், ஒன்றில் எச்3 0.9, இரண்டில் எச்1 மேலோங்கி நிற்கிறது. முன் நிகழ்தகவை 10⁻⁶க்கு இறக்கியதும் நான்கில் ஒன்று விழுந்துவிட்டது. அதை எந்தப் பக்கம் எழுதுவது?

இடஞ்சுட்டி

எந்தப் பக்கமும் வேண்டாம். மூன்று "ஒரே மாற்றத்துக்கு ஆதாரம் உண்டு", ஒன்று "முன் நிகழ்தகவைச் சார்ந்தது", ஒன்று "வெவ்வேறு மாற்றம்", இரண்டு "இரண்டாம் பண்பில் திறன் போதவில்லை" என்று நான்கு வரிசையாக அட்டவணை போடுங்கள். எச்3 வந்த இடத்தில் மட்டும் முதல் பண்பின் முன்னணி ஸ்னிப்பை நிபந்தனையாக வைத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது குறி ஒன்று அடியில் இருந்து அது இரண்டாம் பண்போடு பொருந்தினால் அந்த வரியும் இடம் மாறும்.